காகிதத்தில் வந்து சேரும் ஊர்

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி ஏ.எஃப். பின்ஹே, வ.உ. சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. ஒன்றை முடித்தபின் அடுத்ததை அனுபவிக்க வேண்டும் என்றதால் மொத்தம் 40 ஆண்டுகள். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தீர்த்தபோது அது 6 ஆண்டுகளாகக் குறைந்தது. குற்றவாளி என்ற முடிவில் மாற்றமில்லை. அதே பேச்சுகள், அதே போலீஸ் குறிப்புகள், அதே வாக்குமூலங்கள். அவற்றைப் படித்தவர்கள்தான் வேறு. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வ.உ.சி. வெளியே வந்தார். பின்ஹேயின் தீர்ப்பு அப்படியே நின்றிருந்தால் 1948 வரை அவர் சிறையில் இருந்திருக்க வேண்டும்.

மேல்முறையீட்டின் வலிமையும் ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்துக்குச் சாட்சிகள் வருவதில்லை, கட்டுதான் வருகிறது. சாட்சிகளின் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, சான்றாவணங்கள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பு எல்லாம் தட்டச்சாகி, பக்க எண் போட்டுத் தைத்த தொகுப்பாக நீதிபதியின் மேசைக்கு வந்து சேர்கின்றன. கூண்டில் நின்றபோது சாட்சியின் குரல் எப்படி இருந்தது, எதிரியை அடையாளம் காட்டும்போது கை நடுங்கியதா, பதில் சொல்லுமுன் யாரைத் திரும்பிப் பார்த்தார் என்பதெல்லாம் அந்தக் கட்டில் இருக்காது. ஓர் ஊர், ஓர் இரவு, ஒரு வயல், ஒரு பயம் அனைத்தும் காகிதமாகி வந்திருக்கும். நீதிபதி அந்தக் காகிதத்திலிருந்து ஊரை மீட்டெடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முக்கியமான மேல்முறையீடுகள் சிலவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சட்ட நுணுக்கங்களுக்கு இணையாக, பல இடங்களில் அவற்றைவிடக் கூடுதலாக, இந்த மீட்டெடுப்பின் தரமே முடிவைத் தீர்மானித்திருப்பது புலப்படும்.

இந்த நீதிமன்றம் 1861ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றச் சட்டத்தாலும், 1862 ஜூன் 26 அன்று விக்டோரியா அரசி பிறப்பித்த சாசனத்தாலும் உருவானது. 1862 ஆகஸ்ட் 15 முதல் இயங்குகிறது. பாரிமுனையின் செந்நிறக் கட்டடம் 1892இல்தான் திறக்கப்பட்டது. 1862க்கு முன்பு மேல்முறையீடுகளைக் கேட்டுவந்த சதர் அதாலத் புதிய நீதிமன்றத்தில் கலந்துவிட்டது. தெற்கு மாவட்டங்களின் கட்சிக்காரர்கள் வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்கு ரயிலேறிய காலம், 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்பட்ட பிறகே முடிவுக்கு வந்தது. கன்னியாகுமரியிலிருந்து கரூர் வரை 13 மாவட்டங்கள் அன்று அதன் எல்லைக்குள் வந்தன.

தொடக்கத்திலேயே இந்த நீதிமன்றத்துக்கு ஊரைப் படிக்கவேண்டிய சோதனை வந்தது. ராமநாதபுரம் ஜமீனின் விதவை ராணி, கணவரின் உறவினர்கள் சம்மதத்துடன் ஓர் ஆண் வாரிசைத் தத்தெடுத்தார். கணவர் உயிரோடிருந்தபோது அனுமதி தரவில்லை, ஆகவே தத்து செல்லாது, ஜமீன் அரசுக்கே சேர வேண்டும் என்றார் மதுரைக் கலெக்டர். வடமொழி தர்மசாஸ்திர உரைகளை மட்டும் புரட்டினால் இரு பக்கமும் வாதம் கிடைக்கும். சென்னை உயர் நீதிமன்றம் தத்தை ஏற்றது. 1868இல் லண்டனின் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தது. ஒரு வழக்கம் தெளிவாக நிரூபிக்கப்பட்டால் அது சாஸ்திர வாசகத்தைவிட மேலோங்கும் என்று சொன்னது. தென்னாட்டுக் குடும்பங்கள் உண்மையில் எப்படி வாழ்ந்தன என்பது சட்டத்தின் பகுதியானது. இந்துச் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் இன்றும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

குற்றவியல் பக்கத்தில் கேள்வி இன்னும் கூர்மையானது. கீழ்க் கோர்ட் நம்பிய சாட்சியை, அவரை நேரில் பார்க்காத நீதிபதி நம்ப மறுக்கலாமா? 1934இல் பிரிவி கவுன்சில், சியோ ஸ்வரூப் வழக்கில், இதற்கு ஓர் அளவுகோல் தந்தது. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டிலும் சாட்சியம் முழுவதையும் மறு ஆய்வு செய்ய உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சாட்சியை நேரில் கண்ட நீதிபதியின் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும். எதிரி நிரபராதி என்ற அனுமானம் விடுதலையால் மேலும் வலுப்பெற்றிருப்பதை மறக்கக்கூடாது. கதவைத் திறந்து வைத்து, உள்ளே நுழையும்போது நிதானம் வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 2007இல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கருத்தைத் தொகுத்துச் சொன்னது. அதுவே இன்றும் நடைமுறை.

எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்ற இதே சிக்கல்தான் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலும் எழுந்தது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் மஞ்சள் பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தார். தமிழ்த் திரையின் உச்சத்திலிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். உயர் நீதிமன்றத்தின் செஷன்ஸில் ஜூரிகள் முன் விசாரணை நடந்தது. ஜூரிகளின் பெரும்பான்மை குற்றவாளிகள் என்றது; 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் தன் செஷன்ஸில் விசாரித்த வழக்கில் உண்மை விவரங்கள் மீதே மேல்முறையீடு செய்யும் வழி 1943இல்தான் சட்டத்தில் சேர்ந்திருந்தது. ஜூரி முடிவின் மேல் அந்த அதிகாரம் எவ்வளவு செல்லும் என்பது தெளிவாகியிருக்கவில்லை. முதல் மேல்முறையீடு தள்ளுபடியானது. பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி கேட்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பலும் ஷஹாபுத்தீனும் சாட்சியத்தை வரி வரியாகப் பார்த்து, அதை நம்பித் தண்டிக்க முடியாது என்று 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தார்கள். ஒரே நீதிமன்றம், ஒரே கட்டு, இரண்டு ஆண்டு இடைவெளியில் நேர் எதிரான இரண்டு முடிவுகள். கிருஷ்ணன் திரும்பவும் நடிக்க வந்தார். பாகவதரின் பழைய செல்வாக்கு திரும்பவேயில்லை.

இதுவரை பார்த்தவற்றில் நீதிமன்றம் அருகில் வந்து பார்த்தது பயன் தந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கீழ்வெண்மணியைவிட வலிக்கும் உதாரணம் இல்லை.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவராக இருந்த கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட 23 நிலக்கிழார்கள் மேல் வழக்கு. 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 1973 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று பொதுமக்கள் நினைவில் அழியாமல் நின்றுவிட்டது. எதிரிகள் அனைவரும் மிராசுதார்கள், பெரும் நிலம் படைத்தவர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று நீதிபதிகள் கருதினார்கள். சாட்சியத்தில் வேறு குறைகளும் எடுத்துக் காட்டப்பட்டன. இரவுச் சம்பவம், பதற்றம், முதல் தகவலில் எல்லாப் பெயர்களும் வராதது போன்றவை எந்தக் குற்ற மேல்முறையீட்டிலும் எழுபவைதாம். சந்தேகத்தின் பலன் எதிரிக்குத்தான் என்பதும் யாரும் மறுக்க முடியாத நெறி. ஆனால் பணக்காரர் தம் கையால் குற்றம் செய்யமாட்டார் என்ற எண்ணம் எந்தச் சான்றாவணத்திலும் இல்லை. எந்தச் சாட்சியும் அப்படிச் சொல்லவில்லை. நீதிபதிகள் வாழ்ந்த சமூக அனுபவத்திலிருந்து அது கட்டுக்குள் வந்து சேர்ந்தது. கூலி கேட்ட சேரிக்கும் நிலம் வைத்திருந்தவர்களுக்கும் இடையில் அந்த வட்டாரத்தில் மாதக்கணக்காக மூண்டிருந்த பகை காகிதத்தில் இருந்தும், அது படிக்கப்பட்ட விதத்தில் எடை இழந்தது.

சாட்சியத்தில் இல்லாத இடத்தை நிரப்பச் சட்டம் நீதிபதிக்குத் தரும் கருவி ‘நம்பத்தகுந்த நிகழ்வு’ என்ற அளவுகோல். இயல்பாக மனிதர்கள் எப்படி நடப்பார்கள் என்று கேட்டுப் பார்ப்பது அது. யாருடைய இயல்பு, எந்த ஊரின் இயல்பு என்று கூடவே கேட்காவிட்டால், நீதிபதியின் சொந்த வட்டத்தின் நடைமுறையே எல்லா மனிதருக்கும் பொதுவானதாகிவிடும். கீழ்வெண்மணித் தீர்ப்பின் பிழை அங்கேதான் நேர்ந்தது. 1980இல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார்.

உரிமையியல் பக்கத்துக்கு வருவோம். இங்கே சட்டம் உண்மை விவரங்களின் கதவைப் படிப்படியாகச் சாத்தியிருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96ஆம் பிரிவு தரும் முதல் மேல்முறையீட்டில் சாட்சியமும் சட்டமும் இரண்டும் திறந்தே இருக்கும். முன்சீப் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு சப்-கோர்ட்டில் முதல் மேல்முறையீடாக முடிந்து உயர் நீதிமன்றத்துக்கு வரும்போது, அது 100ஆம் பிரிவின் கீழ் இரண்டாம் மேல்முறையீடு. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கணிசமான சட்டக் கேள்வி ஒன்று எழுந்தால் மட்டுமே அது ஏற்கப்படும். அந்தக் கேள்வியை நீதிபதி எழுத்தில் வகுக்க வேண்டும். கணிசமான சட்டக் கேள்வி எது? சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 1951இல் சுப்பா ராவ் எதிர் வீரராஜு வழக்கில் ஒரு விடை கூறியிருந்தது. உயர்ந்த நீதிமன்றங்கள் ஏற்கெனவே தீர்த்துவிட்ட கோட்பாட்டை ஒரு வழக்குக்குப் பொருத்துவது மட்டும் என்றால் அது கணிசமானதாகாது; மாறுபட்ட கருத்துகளுக்கு இடமிருந்து விவாதம் தேவைப்பட்டால் ஆகும். 1962இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்த அணுகுமுறையை ஏற்றது. இன்று நாடெங்கும் கையாளப்படும் அளவுகோலின் வேர் பாரிமுனையில் இருக்கிறது.

இந்த வரம்பு தேவையானதே. வண்டிப்பாதை யாருடையது, பொதுக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, வரப்பு இரண்டடி தள்ளிப் போட்டதா, பட்டாவில் பெயர் இருந்தால் நிலம் அவருடையதாகிவிடுமா (ஆகாது என்பது வெகுகாலமாகத் தீர்ந்த சட்டம்) என்பவற்றை மூன்றாம் தடவையும் அலசினால் வழக்கு தலைமுறை தாண்டும். ஊரிலிருக்கும் கோர்ட்டுக்குத்தான் ஊர் தெரியும் என்ற நியாயமும் இதில் உண்டு. தவிர, உரிமையியல் வழக்கில் ஊரைக் காகிதத்துக்குக் கொண்டுவர ஒரு நல்ல ஏற்பாடு முன்பே இருக்கிறது. கோர்ட் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும். அவர் சர்வேயருடன் போய், இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அளந்து, வரைபடத்தோடு அறிக்கை தருவார். எந்த மரம் எங்கே நிற்கிறது, சுவரின் வயது என்ன இருக்கும், வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். பத்து வருடம் கழித்துச் சென்னையிலோ மதுரையிலோ அந்த வரைபடத்தை விரிக்கும் நீதிபதி, கொஞ்சமேனும் அந்த வயலைப் பார்க்கிறார்.

ஒடுங்கிய இந்த வாசல் வழியாகவும் பெரிய விஷயங்கள் நுழைந்திருக்கின்றன. 2023 ஜூன் 21 அன்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்த்த ஓர் இரண்டாம் மேல்முறையீட்டில் கணவர் 1983 முதல் 1994 வரை சவுதி அரேபியாவில் வேலை பார்த்தவர். அனுப்பிய பணத்தில் ஊரில் சொத்துகள் வாங்கப்பட்டன. திரும்பி வந்தபின் தகராறு மூண்டது. எல்லாம் தன் சம்பாத்தியம் என்றார் அவர். வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்திய மனைவிக்குப் பங்கு உண்டா என்பதே கேள்வி. நாள் கணக்கில்லாமல், விடுமுறை இல்லாமல் அவர் செய்த வேலை இல்லாமல் கணவரால் வெளிநாட்டில் சம்பாதித்திருக்க முடியாது. அந்த உழைப்பும் சொத்து வாங்கியதில் ஒரு பங்களிப்பே என்று நீதிபதி முடிவுசெய்து, வழக்கிலிருந்த சில சொத்துகளில் மனைவிக்குச் சரிபாதி என்றார். இல்லத்தரசியின் உழைப்பை நேரடியாகப் பேசும் சட்டம் இல்லை. அதை ஏற்கக்கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்ற இடத்தில் நின்று அந்த முடிவு எடுக்கப்பட்டது. சமையலறையை எந்த ஆணையரும் அளந்து வரைபடம் போடவில்லை. இருந்தும் அங்கே நடந்ததை நீதிபதியால் காண முடிந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு தமிழ்நாட்டுப் பாகப்பிரிவினை வழக்கில் சொத்து 1938இல் கோர்ட் ஏலத்தில் வாங்கியது. வாங்கியவருக்கு ஒரே மகள். அவர் இறந்தது 1949இலா 1957இலா என்பதே சண்டையின் பாதி. ஏனெனில் நடுவில் 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்துவிட்டது. 1956க்கு முன் இறந்தவரின் சுயார்ஜித சொத்து மகளுக்கா, அண்ணன் தம்பி மகனுக்கா? விசாரணை நீதிமன்றம் 1994இல் வழக்கைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் முதல் மேல்முறையீட்டை 2009இல் தள்ளியது. அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே 15 ஆண்டுகள். உச்ச நீதிமன்றம், 1956க்கு முன்பும் பழைய இந்துச் சட்டப்படியே சுயார்ஜிதத்தில் மகளுக்கு உரிமை உண்டு என்று இரண்டு தீர்ப்புகளையும் நீக்கியது. நாடு முழுவதும் பல பெண்களின் உரிமையைத் தெளிவாக்கிய தீர்ப்பு அது. அந்த மகள் 1967இலேயே காலமாகிவிட்டார்.

விபத்து இழப்பீட்டு மேல்முறையீடுகளில் தாமதம் நேராகச் சோற்றுத் தட்டில் இறங்கும். மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் கொடுத்த தொகையை எதிர்த்து இன்ஷூரன்ஸ் நிறுவனம் 173ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம் வரும். தொகை போதாது என்று குடும்பமும் வரும். இறந்தவரின் வயதுக்கு எந்தப் பெருக்கி என்பதை 2009இன் சரளா வர்மா தீர்ப்பும், எதிர்கால வருமான உயர்வை எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதை 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பும் வகுத்துவிட்டதால் சண்டை பெரும்பாலும் மாத வருமானத்தில் வந்து நிற்கிறது. சம்பளச் சீட்டு இல்லாத கொத்தனாருக்கும் பூக்காரிக்கும் எவ்வளவு என்று கணக்கிடுவது? இங்கும் கட்டில் இல்லாத ஊரை நீதிபதி தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

மறுபடி குற்றவியலுக்குத் திரும்பினால், கீழ்வெண்மணித் தீர்ப்புக்கு ஐம்பது ஆண்டு கழித்து அதே நீதிமன்றம் வேறொரு வழியில் நடந்திருப்பதைக் காணலாம். 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி என்ற பழங்குடி ஊருக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் புகுந்தார்கள். ஊர் சூறையாடப்பட்டது, மக்கள் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 1995இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. எதிரிகள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். எதிரிகள் மேல்முறையீடு செய்தார்கள்.

அந்த மேல்முறையீடுகளைக் கேட்ட நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச் 4 அன்று வாச்சாத்திக்கே போனார். சம்பவ இடங்களைப் பார்த்தார், ஊர் மக்களைச் சந்தித்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்து சரியாக 12 ஆண்டு முடிந்த நாளில், எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். ஒரு மேல்முறையீட்டில் இவ்வளவு தூரம் செல்லலாமா என்று சட்டம் தெரிந்தவர்கள் விவாதிக்கலாம். கீழ்க் கோர்ட் கைவைக்காத மேலதிகாரிகளின் பொறுப்பைத் தொட்டதே இந்தத் தீர்ப்பின் பெருமை.

அதே ஆண்டு ஜனவரியில் மதுரைக் கிளையின் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குப் போனார்கள். 2015 ஜூனில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி ஒருவர் வேறு சாதித் தோழியுடன் அந்தக் கோயிலுக்கு வந்து, ஒரு கும்பலால் கடத்தப்பட்டு, தலை துண்டான நிலையில் ரயில் பாதையில் கண்டெடுக்கப்பட்ட வழக்கு அது. முக்கியச் சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்துவிட்டார். மிஞ்சியவற்றில் தலையாயவை கோயில் கேமராப் பதிவுகள். எந்தக் கேமரா எந்தக் கோணத்தில், வாசலிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பது தெரியாமல் அந்தப் பதிவை எடைபோட முடியாது. நேரில் பார்த்துவிட்டு வந்த அமர்வு 2023 ஜூன் 2 அன்று பத்துப் பேர் குற்றவாளிகள் என்ற முடிவை உறுதிசெய்தது. ஐந்து பேர் விடுதலையானதை எதிர்த்த மேல்முறையீட்டை ஏற்கவில்லை. நேரில் போய்ப் பார்த்ததால் எல்லாரையும் தண்டித்தார்கள் என்று இதைச் சுருக்க முடியாது. யாருக்கு எதிராக ஆதாரம் நிற்கிறது, யாருக்கு எதிராக நிற்கவில்லை என்று பிரிக்கவும் அது உதவியது.

சம்பவ இடத்தைப் பார்வையிடும் இந்த அதிகாரம் புதிதன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 310ஆம் பிரிவு எந்த நீதிபதிக்கும் அதைத் தந்திருந்தது. பார்த்ததைக் குறிப்பாக எழுதி வழக்குக் கட்டில் சேர்க்கவும் சொன்னது. அந்தக் குறிப்பு அவசியமானது. நீதிபதி எதைக் கண்டார் என்று தெரிந்தால்தான் எதிர்த்தரப்பு அதை மறுத்துப் பேச முடியும். 1973இல் கீழ்வெண்மணி அமர்வு இப்படி ஒரு பயணம் போயிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று சொல்வது இயலாது. நிலக்கிழாரின் வீட்டிலிருந்து சேரிக்கு எத்தனை அடி நடை என்பதையாவது நீதிபதிகள் கண்டிருப்பார்கள்.

தூக்குத் தண்டனை வழக்குகள் தனி. எதிரி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு உறுதிசெய்யாமல் தூக்கை நிறைவேற்ற முடியாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையில், 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம், கொல்லப்பட்ட இளைஞரை மணந்த பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் தந்தை மீதான கூட்டுச் சதிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது. மற்ற ஐவரின் தூக்கைக் குறைந்தது 25 ஆண்டு சிறை என்ற நிபந்தனையுடன் ஆயுளாகக் குறைத்தது. வெட்டியது கேமராவில் இருக்கிறது. சதி என்பது மூடிய கதவுக்குப் பின் நடந்த பேச்சு. அதைப் பணப் பரிமாற்றம், தொலைபேசி அழைப்பு, சந்தித்த இடம் என்று துண்டு துண்டாகக் கோத்துத்தான் நிரூபிக்க வேண்டும். எந்தக் கண்ணி அறுந்தாலும் சங்கிலி விழும் என்பது சட்டம். தன் குடும்பத்தையே எதிர்த்துச் சாட்சி சொன்ன இளம்பெண்ணுக்கு அந்தச் சட்டம் என்னவாக இருந்திருக்கும் என்பதையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

காகிதத்தைப் படிப்பதில் எளிய கவனமும் வேண்டும் என்பதற்குப் பக்கத்து மாநில உதாரணம் ஒன்று தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கின் மேல்முறையீட்டில் 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வருமானத்தைவிட மிகுதியான சொத்து 8.12 சதவீதமே என்பது கணக்கு. அந்தக் கணக்குக்குள் பத்துக் கடன்களைக் கூட்டிய ஓர் அட்டவணை இருந்தது. கூட்டுத்தொகை 24.17 கோடி ரூபாய் என்று தீர்ப்பில் இருந்தது. அதே எண்களைச் சரியாகக் கூட்டினால் 10.67 கோடி. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தண்டனையை மீட்டுக் கொண்டுவந்தபோது இந்தக் கூட்டல் பிழையையும் எடுத்துக் காட்டியது.

விடுதலையை எதிர்த்து யார் மேல்முறையீடு செய்யலாம் என்பதில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் அந்த உரிமை முக்கியமாக அரசுக்குத்தான். அரசு சும்மா இருந்துவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு எஞ்சியது சீராய்வு மனு, அதுவும் விடுதலையை நேராகத் தண்டனையாக மாற்ற இயலாத மனு. 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பாதிக்கப்பட்டவருக்கே மேல்முறையீட்டு உரிமை தந்தது. அதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும் இந்த உரிமையைத் தொடர்கிறது. உரிமை இருந்தாலும், காலம் வேறு கணக்கில் ஓடுகிறது. விழுப்புரம் நீதிமன்றம் 2016 ஏப்ரலில் விடுவித்த சொத்துக் குவிப்பு வழக்கில், அமைச்சராக இருந்த க. பொன்முடிக்கு உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை விதித்தது 2023 டிசம்பரில். அடுத்த மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்தி ஜாமீன் கேட்கலாம். ஐந்தாறு ஆண்டு கேட்கப்படாத மேல்முறையீட்டுக்காக ஒருவரை உள்ளேயே வைத்திருப்பது நீதியாகாது என்று 1977இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நல்ல வக்கீல் இருப்பவருக்கு அந்த வாசகம் பயன்படுகிறது. சிறை அலுவலர் மூலம் மனு அனுப்பிவிட்டுச் சட்ட உதவி வழக்கறிஞருக்காகக் காத்திருக்கும் கைதிக்கு அது வந்து சேர நாளாகும்.

கட்டில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. அரசமைப்பின் 348ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது. கீழ்க் கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசி, தமிழில் பதிவாவதை மேல்முறையீட்டுக்காக மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு. தமிழுக்கும் அது வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் கைகூடவில்லை. தன் வழக்கில் தன் சாட்சியம் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதைக் கட்சிக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்து புரிந்துகொள்ள முடியாமல் போவது இதன் நேரடி விளைவு.

இப்போது கட்டின் தன்மையே மாறத் தொடங்கியிருக்கிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சாட்சியத்தை ஒலி-ஒளிப் பதிவாக எடுக்க இடம் தந்தது. 2024இல் வந்த புதிய சட்டம் சோதனையையும் பறிமுதலையும் கட்டாயம் படம்பிடிக்கச் சொல்கிறது. விசாரணையை மின்னணு முறையில் நடத்தவும் அனுமதிக்கிறது. சாட்சியை நேரில் கண்ட நீதிபதிக்கு முன்னுரிமை என்ற 1934ஆம் ஆண்டு நெறியின் அடித்தளம் இதனால் அசையும். மேல்முறையீட்டு நீதிபதியும் கூண்டில் நின்றவரின் முகத்தைப் பார்க்க முடியும், குரலைக் கேட்க முடியும், வேண்டிய இடத்தில் நிறுத்தித் திரும்பவும் பார்க்க முடியும். முகத்தைப் பார்ப்பது தானாகவே நல்ல வாசிப்பாகிவிடாது. வாச்சாத்தியிலிருந்து வந்த ஒரு பெண் பதில் சொல்லுமுன் மௌனமாக நிற்பதைப் பொய்க்கான தயக்கம் என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். சீருடைக்காரர்கள் நிறைந்த அறையில் நிற்கும் பயம் என்று இன்னொருவர் அறியலாம். எதை எப்படிப் படித்தோம், ஏன் அப்படிப் படித்தோம் என்று தீர்ப்பில் எழுதிக் காட்டும் கடமை அப்போது இன்னும் கூடும். காகிதத்தில் இல்லாத எண்ணம் ஒன்று முடிவுக்குள் நுழைந்திருந்தால், மேலுள்ள நீதிமன்றமும் கீழே ஊரில் காத்திருப்பவர்களும் அதைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்க அந்த எழுத்தைத்தான் நாட வேண்டியிருக்கும்.